வால் விசிறியும் பரீட்சைக் கணக்கும்

ஹெலிகாப்டரைக் காணும் ஜனங்களின் கண் மேலே சுழலும் பெரிய விசிறியிலேயே நிலைத்து விடுகிறது. வாலிலுள்ள சிறு விசிறியைக் கவனிப்பார் இல்லை. அச்சிறு விசிறி நின்றுவிடின், பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்ற, யந்திரத்தின் உடல் எதிர்ப்பக்கமாகச் சுழலத் தொடங்கும். விமானி இரு பெடல்களைக் காலால் மிதித்து, வால் விசிறித் தகடுகளின் சாய்வைக் கூட்டியும் குறைத்துமே யந்திரத்தின் முகத்தைத் திருப்புகிறார்.

இது எளிதில் கைவந்த வித்தையன்று. ஸிகோர்ஸ்கி தமது வி.எஸ். 300 யந்திரத்தை 1939 செப்டம்பர் 14-ந் தேதி முதன்முதலாக எழுப்பியபோது, அது தரையோடு பிணைக்கப்பட்டே இருந்தது. ஒரு காலத்தில் அதன் வாலில் மூன்று விசிறிகள் இருந்தன. பல மாறுதல்களுக்குப் பின்னரே, 1941 டிசம்பரில், ஒரு விசிறியில் வந்து நின்றது.

இன்று அமெரிக்க, ஐரோப்பிய விதிகள், 17 நாட் வேகக் காற்று எத்திசையிலிருந்து வீசினும் யந்திரம் விமானிக்கு அடங்கவேண்டும் என்கின்றன. பரீட்சிப்போர் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஓடுபாதையில் அளந்த வேகத்தில் ஒரு மோட்டாரை ஓட்டச் செய்து, விமானி அதற்கு ஈடாகப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பறக்கிறார். இத்தகைய பரீட்சைகளால்தான், சில திசைக் காற்றுகள் பெரிய விசிறியின் சுழலையே வால் விசிறிமீது தள்ளி அதன் பலத்தைக் கெடுக்கும் என்பது தெளிவாயிற்று. அமெரிக்க விமானத்துறை 1995-ல் ஒரு சுற்றறிக்கை மூலம் அதை விமானிகளுக்கு அறிவித்தது. பரீட்சையில் கண்டது, தெரியவேண்டியவர்க்குத் தெரிந்தது. இதுவே முறை.

இனி மற்றொரு விஷயம். 2018 அக்டோபர் 27-ந் தேதி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கால்பந்து மைதானத்திலிருந்து எழுந்த ஏ.டபிள்யூ. 169 ஹெலிகாப்டர், சில நூறு அடி உயரத்தில் வால் விசிறியின் ஆட்சியை இழந்து, சுழன்று விழுந்தது. ஐவர் மாண்டனர். வால் விசிறியை இயக்கும் தண்டிலிருந்த ஒரு பேரிங் இறுகிப் போனதே காரணம். பெடலுக்கும் விசிறிக்கும் தொடர்பு அறுந்தபின், விமானியின் திறமையால் ஆவதென்ன?

பிரிட்டிஷ் விசாரணையாளர் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில் நம் மனத்தை உறுத்துவது வேறொன்று. பறப்புப் பரீட்சையில் அளந்த பாரக் கணக்கை ஹெலிகாப்டர் செய்தவர்கள் பேரிங் செய்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. பேரிங் செய்தவர்கள் காகிதக் கணக்கை நம்பியே அதைத் தகுதியென்றனர். கொடுக்கவேண்டுமென்று விதியும் சொல்லவில்லை! சட்டம் கேட்கவில்லை என்ற சமாதானத்தை நாம் நியாயஸ்தலங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தண்டனையினின்று தப்ப அது உதவும்; பேரிங்குக்கு எண்ணெயிட உதவாது.

பரீட்சைக் கணக்கு வியாபார ரகசியம் என்று சிலர் கூறக்கூடும். அந்தப் பாகத்தின் பலாபலத்தை நிர்ணயிக்கும் ஞானம் அதைச் செய்தவரிடமே இருக்கையில், அவரிடமிருந்தே மறைப்பது எவ்வகை ரகசியமோ, நாம் அறியோம். மருத்துவரிடம் நோயை மறைப்பது போன்றதே இது. இத்தகைய பாகங்களைச் செய்வோருக்குப் பரீட்சை முடிவுகளை, யந்திரம் அங்கீகாரம் பெறுமுன்னரே, கட்டாயம் அளிக்கவேண்டுமென அவ்விசாரணையாளர் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிலையத்துக்குச் சிபாரிசு செய்தனர். நாம் அதைப் பூரணமாக ஆதரிக்கிறோம். ஹெலிகாப்டர் செய்யும் எந்த நாட்டின் விதிப்புத்தகத்திலும், நம் நாடு உட்பட, அச்சிபாரிசு இடம்பெறவேண்டும் என்பதே நமது கோரிக்கை.