கோழிக்குக் குந்துதடி வேண்டும்

வாழ்வாதார உதவியாகக் கோழி வழங்குவோர் குஞ்சையும் கம்பிவலையையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. கோழி இரவில் எங்கே குந்தும் என்பதையும் கேட்க வேண்டும்.

காட்டுக்கோழி மரத்திலேதான் அடையும். வீட்டுக்கோழிக்கும் அதுவே இயல்பு. சித்தாண்டியிலோ மாரியில் வளவெல்லாம் ஈரம். 2011 தை மாத வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. ஈரத்தரையில் உறங்கும் கோழியை இரத்தக்கழிச்சல் இலகுவில் பற்றும்.

கூட்டைக் கால் நாட்டி உயர்த்துவோம். உள்ளே இரண்டு அங்குலத் தடியை விளிம்பு மழுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டுவோம். கோழி ஒன்றுக்கு 8 அங்குல இடம் வேண்டும். தடிகள் ஒரே மட்டத்தில் இருந்தால் மேல்தடிக்குச் சண்டை வராது. முட்டைப்பெட்டி தடியிலும் தாழ்வாக இருக்கட்டும். அல்லாவிடில் கோழி பெட்டியிலேயே உறங்கி முட்டையை அழுக்காக்கும். தீனியும் தண்ணீரும் தடியின் கீழ் வேண்டாம். தடி கழற்றக்கூடியதாயின் வெடிப்புகளில் ஒளியும் செள்ளைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடலாம்.

முட்டை விற்றுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் தாய்க்கு ஒரு கோழியின் சாவும் பெரிய இழப்பே. அதைத் தடுக்க, வேலியில் வெட்டிய பூவரசந்தடியே போதும். குஞ்சு கொடுக்கு முன் அத்தடி கட்டப்பட்டுள்ளதா எனப் பார்ப்பதை உதவி நிறுவனங்கள் விதியாக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.