மடத்துப் பள்ளிக்கூடமும் உபாத்தியாயர் யோக்கியதையும்

காரைக்கால் பகுதியில் கத்தோலிக்கச் சபையார் நடத்தும் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மாத்திரம் படிக்கவில்லை. மீனவர் பிள்ளையும், வயற்கூலியின் பிள்ளையும், மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும், சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்குப் போய் எள் விளக்கேற்றும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இது சாதாரண விஷயமென்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் பெஞ்சி ஒன்றாயிருந்துவிட்டால் மாத்திரம் போதுமா? பெஞ்சிக்கு எதிரே நிற்கின்ற உபாத்தியாயர் எப்படிப்பட்டவர்? அவருடைய யோக்கியதையை நிர்ணயிப்பவர் யார்? வேலைக்கு வந்த பிறகு வருஷத்துக்கு வருஷம் அவர் தேர்ச்சி பெறுவதற்கு வழி என்ன? இவற்றைக் கேட்டால் உடனே “இது மதத்துவேஷம்” என்று சிலர் கூச்சல் போடுவார்கள். தோழர்களே, நாம் இங்கு கேட்பது மோட்சத்தைப் பற்றியல்ல. பிள்ளைகள் படிக்கும் வாய்ப்பாட்டைப் பற்றியே யாகும்.

முதலாவதாக, சொல்ல வேண்டிய நன்றியைச் சொல்லிவிடுகிறோம். பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று நம் பெரியவர்கள் வியாக்கியானம் செய்துகொண்டிருந்த காலத்தில், குளூனி சபைக் கன்னியாஸ்திரீகள் 1827-ல் புதுச்சேரிக்கு வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள். துபுயி என்ற பிரஞ்சுப் பாதிரியார் இந்நாட்டுப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கென்றே 1844-ல் ஒரு கன்னியர் சபையை அங்கே ஆரம்பித்தார். சேரிப் பிள்ளையின் கையில் பலகை கொடுத்தவர்களில் பாதிரிமார்களும் உண்டு. இதை மறைப்பது நமது வேலையல்ல.

ஆனால் அதே மதத்தின் கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் என்று தள்ளப்பட்டவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்ததையும், தள்ளப்பட்டவர்கள் போய்க் கேட்டதன் மேல் 1745-ல் அதைப் பற்றித் தகராறு வந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பிலே எழுதி வைத்திருக்கிறார். ஞானஸ்நானம் செய்துகொண்டதனால் அந்தச் சுவர் மறைந்துவிடவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்ட பிறகுதான் அது பேச்சுக்கே வந்தது. ஆகவே கேட்பது பாவமல்ல, கேட்காமலிருப்பதுதான் கேடு.

நிற்க, விஷயத்துக்கு வருவோம். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தது. ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் வேண்டுமென்றும், உபாத்தியாயருக்கு இன்ன யோக்கியதை வேண்டுமென்றும் அது விதித்தது. அதன்படி ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. முதல் ஐந்து வகுப்புகளுக்குரிய தேர்வில் குழந்தைகளின் வளர்ச்சி, இரண்டு பாஷைகள், கணக்கு, சுற்றுப்புற அறிவு ஆகிய ஐந்துக்கும் முப்பது முப்பது மார்க்காக மொத்தம் 150. நூற்றுக்கு 60 வாங்கினால் பாஸ். இது ஒன்றும் ஆகாயத்தைப் பிளக்கும் வித்தையல்ல.

ஆனால் 2014 மே 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, இந்தச் சட்டம் முழுவதுமே மைனாரிட்டி மதத்தாரின் பள்ளிக்கூடங்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறகு 2025 செப்டம்பர் 1-ந் தேதி இரண்டு ஜட்ஜுகள் கொண்ட பெஞ்சு, மற்றப் பள்ளிகளில் ஏற்கனவே வேலையிலிருக்கும் உபாத்தியாயர்களும் இத்தேர்வில் பாஸ் செய்தாக வேண்டும் என்றது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கியுள்ளவர்களுக்கு இரண்டு வருஷத் தவணை. அதற்குக் குறைவாக உள்ளவர்கள் வேலையில் நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. மைனாரிட்டிப் பள்ளிகளுக்குக் கொடுத்த விலக்குச் சரிதானா என்ற கேள்வியை அந்தப் பெஞ்சே பெரிய பெஞ்சுக்கு அனுப்பியது.

இந்த விலக்கு எவ்வளவு பழைய சரக்கு என்பதைப் பாருங்கள். காரைக்காலை 1739 முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறின காலம் போக, 1954 வரை ஆண்டவர்கள் பிரஞ்சுக்காரர்கள். அவர்கள் தேசத்திலே 1850-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி சாதாரணப் பெண் உபாத்தியாயினியாக வேண்டுமானால் பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் காட்ட வேண்டும்; கன்னியாஸ்திரீயாயிருந்தால் மாத்திரம் மடத்துத் தலைவியோ மேற்றிராணியாரோ கொடுக்கும் “கீழ்ப்படிதல் கடிதம்” ஒன்றே போதும். அதாவது கீழ்ப்படியத் தெரிந்தால் பாடம் சொல்லவும் தெரியும் என்பது கணக்கு! 1881 ஜூன் 16-ந் தேதிச் சட்டத்தினால் அந்தச் சலுகையை அத்தேசமே ஒழித்தது. மறு வருஷமே சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் மதபோதனையையும் நிறுத்தியது. கத்தோலிக்கரே பெரும்பாலோரான ஒரு தேசம் அன்றே வேண்டாமென்று எறிந்த கடிதத்தை இன்று காரைக்காலில் நாம் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

இதைச் சொல்லுவதற்கு நமக்கு நாஸ்திகர்களின் சாட்சிகூட வேண்டியதில்லை. லா சால் என்ற பிரஞ்சுப் பாதிரியார் 1685 சுமாரிலேயே ரெயிம்ஸ் நகரில் உபாத்தியாயர்களைப் பழக்குவதற்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு லத்தீன் வேண்டாம், தாய்ப் பாஷையிலேயே முதலில் படிக்கட்டும் என்றார். தமது சபையில் பாடம் சொல்லுகிறவர்கள் குருப்பட்டம் பெறக்கூடாதென்றும் விதித்தார். பூசை வேறு, படிப்பு வேறு என்று அவருக்கே பட்டிருக்கிறது. இவரைத்தான் 1950-ல் போப்பாண்டவர் உபாத்தியாயர்களுக்கெல்லாம் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் பெயரால் விழாக் கொண்டாடுகிறவர்கள் அவர் சொன்ன வேலையையும் கொஞ்சம் கொண்டாடினால் என்ன?

“மைனாரிட்டிகளின் உரிமை போய்விடுமே” என்பார்கள். அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு பெரும்பான்மை மதக்காரர்கள் சிறுபான்மையோரை விழுங்கிவிடாமலிருக்க ஏற்பட்டது. அந்த உரிமை போகக்கூடாதென்பதே நமது கட்சியும். பள்ளிக்கூடம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்; நிர்வாகமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் பின்னக் கணக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதால் எந்த மதம் அழிந்துவிடும்? உபாத்தியாயரின் யோக்கியதைக் குறைவு மைனாரிட்டிக்குப் பாதுகாப்பு என்றால், அந்தப் பாதுகாப்பினால் முதலில் கெடுவது மைனாரிட்டிப் பிள்ளையல்லவா?

மற்றொன்று. சர்க்கார் உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் குருமார்களும் கன்னியாஸ்திரீகளும், தாங்கள் வறுமை விரதம் பூண்டவர்கள், சம்பளம் சபைக்கே போகிறது, ஆகையால் வருமான வரி பிடிக்கக்கூடாது என்று வழக்காடினார்கள். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சம்பளம் சம்பளந்தான் என்று முடிந்தது. அப்படியானால் சம்பளம் வாங்கும்போது மற்ற உபாத்தியாயரைப்போல் வாங்கி, யோக்கியதை காட்டும்போது மாத்திரம் மடத்துக்குள் போய்விடுவது எந்த நியாயம்? இவர்களில் நன்றாய்ப் படித்தவர்களும் பொறுமைசாலிகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்வைக் கண்டு பயம் ஏன்?

தேர்வு ஒன்றிலேயே எல்லாம் வந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. பாஸ் செய்த மறுநாளே புத்தகத்தை மூடிவிடும் உபாத்தியாயர்கள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. 2020-ம் வருஷத்துக் கல்விக்கொள்கை, ஒவ்வோர் உபாத்தியாயருக்கும் வருஷத்தில் 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது. அந்த 50 மணி என்ன பயிற்சி என்பதே கேள்வி. ஒருவர் வகுப்பில் மற்றொருவர் உட்கார்ந்து பார்ப்பதும், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு வழி தேடுவதும் பயிற்சி. ஜெபமும் தியானமும் அவரவர் சொந்த விஷயம். அவற்றைப் பயிற்சிக் கணக்கில் எழுதக்கூடாது.

உபாத்தியாயர் அறிவுக்கு என்ன விலை என்று காரைக்கால் கடற்கரைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ராவுக்கு அருகில் கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அன்று தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துப் பெண், கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரண்டு வாரத்துக்கு முன் பூகோளப் பாடத்தில் தன் வாத்தியார் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டு கத்தினாள். அந்தக் கரையிலிருந்தவர்கள் விலகிப் பிழைத்தார்கள். அவர்களைக் காத்தது ஒரு வாத்தியார் ஒழுங்காய்ச் சொன்ன ஒரு மணிப் பாடம். காரைக்கால் பிள்ளை “கடல் ஏன் வந்தது?” என்று கேட்டால், “ஆண்டவன் சித்தம்” என்கிற உபாத்தியாயர் வேண்டுமா, பூமி அசைந்ததைப் படம் போட்டுக் காட்டுகிறவர் வேண்டுமா?

கடைசியாக, பள்ளிக்கூடத்தின் கூட்டு வாழ்வு. சட்டப்படி பள்ளி நிர்வாகக் கமிட்டியில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மடத்துப் பள்ளிகள் தாமாகவே இதைச் செய்யலாம். கோயில் கொடியேற்றத்துக்குப் பங்கு மக்களைக் கூப்பிடுவதுபோல், பாடத்தைப் பார்க்க எல்லாப் பெற்றோரையும் கூப்பிடட்டும். சர்க்கார் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனைக்கோ ஜெபத்துக்கோ கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. இதைப் பள்ளிக்கூட வாசலில் தமிழில் எழுதிப் போடட்டும்.

இந்த அளவுகோல் கத்தோலிக்கருக்கு மாத்திரமல்ல. சைவ மடத்தார் நடத்தினாலும், முஸ்லிம் சங்கத்தார் நடத்தினாலும், பணத்துக்காக முதலாளி நடத்தினாலும், நம் இயக்கத்தார் நடத்தினாலும் இதே அளவுகோல்தான்.

ஆகவே காரைக்கால் பெற்றோர்களே! பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுக் கும்பிட்டுத் திரும்பிவிடாதீர்கள். என் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிறவர் என்ன படித்திருக்கிறார், இந்த வருஷம் புதிதாக என்ன கற்றுக்கொண்டார், கமிட்டியில் எனக்கு இடமுண்டா என்ற மூன்று கேள்விகளை மரியாதையாய்க் கேளுங்கள். பதில் சொல்லுகிற பள்ளிக்கூடத்துக்குத் தோள் கொடுங்கள். சொல்லாவிட்டால், சொல்லும் வரை கேளுங்கள்.