ஒல்லிப் புத்தகம் என்ன பாவம் செய்தது?

நண்பர்களே, முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஜூலை முதல் பிப்ரவரி வரை எட்டு மாதத்தில் முப்பது புத்தகம் படிக்க வேண்டும் என்று நமது பேரவை ஒரு வாசிப்புப் போட்டி வைத்ததல்லவா, அதில் மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். நான் படித்த முப்பதும் ஒல்லிப் புத்தகங்கள். தற்செயலாக அமைந்ததில்லை. நூலகத்தில் தேடித் தேடி எடுத்தவை. சொன்னால் சிரிப்பீர்கள், சிலவற்றை மெட்ராலஜி லேபுக்குக் கொண்டு போய் வெர்னியர் காலிப்பரில் அளந்தே பார்த்தேன். அட்டை நீங்கலாகப் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் புத்தகம் ரிஜெக்ட். 0.02 மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளக்கும் கருவியை இதற்கு உபயோகப்படுத்தியவன் இந்தக் கல்லூரியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பரிசளிப்பு அன்று என் பெயரை வாசித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாம் தீப்பெட்டி சைஸ் புத்தகம்ல!" அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள் என்பது அந்த நண்பனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான், நல்லவன்தான்.

அதற்குப் பிறகு ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அடுத்த வருடம் புத்தகக் கணக்கு வேண்டாமாம், பக்கக் கணக்கு வைக்க வேண்டுமாம். ஐயாயிரம் பக்கம் படித்தால்தான் பரிசாம். இது கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பரிசு வாங்கிவிட்டவன் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். மே மாதத்தோடு நான் இந்தக் கல்லூரியை விட்டே போகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் அச்சடித்த தாள் என்று எதுவும் இருந்ததா என்றால், இருந்தது. ரேஷன் கார்டு, சுவரில் தொங்கும் காலண்டர், யார் யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகைகள். அவ்வளவுதான். கதைப் புத்தகம் என்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதே எனக்கு லேட்டாகத்தான் தெரியும். பாடப் புத்தகத்தையாவது முழுசாகப் படித்தேனா? அதுவும் இல்லை. 'ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' புத்தகத்தை நம்மில் எத்தனை பேர் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறோம்? ரெண்டு மார்க் கேள்வி, முக்கியமான கேள்வி, போன வருடக் கேள்வித்தாள், முடிந்தது கதை. ஆக, பதினேழு வயது வரை நான் ஒரு புத்தகத்தைக்கூட முழுசாக முடித்தது கிடையாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எனக்கு மட்டும் உள்ள கதை இல்லை என்பதும் தெரியும்.

அப்படிப்பட்டவன் கையில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தைத் தூக்கிக் கொடுத்தால் என்ன செய்வான்? முதல் பாகத்திலேயே ஓடி விடுவான். நான் ஓடினேன். முதலாமாண்டில் எடுத்து, வந்தியத்தேவன் கடம்பூர் போய்ச் சேர்வதற்குள் பதினாலு நாள் முடிந்து, திருப்பிக் கொடுத்து விட்டேன். கல்கி அவர்கள் 1950ல் இருந்து 1954 வரை வாராவாரம் எழுதிய கதை அது. அன்றைக்குப் படித்தவர்களும் வாரத்துக்குக் கொஞ்சமாகத்தானே படித்திருப்பார்கள்? அவர்களுக்கு நாலு வருடம், எனக்குப் பதினாலு நாளா?

காலையில் ஒரு மணி நேரம் பஸ், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ். சனி, ஞாயிறு லேத் பட்டறையில் வேலை. இதற்கு நடுவில் படித்து முடிக்க முடிந்தது ஒல்லிப் புத்தகம்தான். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' தான் நான் முடித்த முதல் புத்தகம். 1952ல் வந்த கதை. எண்பத்து நாலு நாள் மீனே கிடைக்காத ஒரு கிழவர் தனியாகக் கடலுக்குப் போகிறார். மூன்று நாள் பஸ்ஸில் படித்தேன், இரண்டு நாள் நின்றுகொண்டே. கடைசிப் பக்கம் முடிந்து பார்த்தால் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. பரவாயில்லை என்று ரெண்டு கிலோமீட்டர் நடந்தே வந்தேன். நான் ஒரு புத்தகத்தை முடித்து விட்டேன்! அந்த நடையை இன்னமும் மறக்கவில்லை. அது முந்நூறு பக்கப் புத்தகமாக இருந்திருந்தால் அந்த நடை எனக்கு வாய்த்திருக்காது. எழுதியவருக்கு ரெண்டே வருடத்தில், 1954ல், நோபல் பரிசே கொடுத்தார்கள். பக்கம் குறைவு என்று யாரும் பின்வரிசையில் இருந்து கத்தியதாகத் தெரியவில்லை.

பக்கக் கணக்குக்காரர்களுக்கு இன்னொன்று. அளவு எடுக்கிறவன் முதலில் கருவி சரியா என்று பார்க்க வேண்டும் என்று நமக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தந்தார்கள். பக்கம் என்பது ஒரு அளவா? ஒரே நாவலை ஒரு பதிப்பகம் பொடி எழுத்தில் இருநூறு பக்கத்தில் அடிக்கும். இன்னொரு பதிப்பகம் பெரிய எழுத்தில், தாராளமாக இடம் விட்டு முந்நூறு பக்கத்தில் அடிக்கும். எதை எடுப்போம்? எல்லோரும் பெரிய எழுத்துப் புத்தகத்தைத் தேடி ஓடுவோம். இப்போது தடிமனை அளந்த நான், அப்போது எழுத்தை அளப்பேன். திருட்டுத்தனம் இடம் மாறுமே தவிரப் போகாது. தவிர, திருக்குறளில் மொத்தம் 1330 குறள், ஒரு குறளுக்கு ஏழு சீர். உரையில்லாமல் மூலத்தை மட்டும் சின்னதாக அச்சடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும். பக்கக் கணக்குப் பார்த்தால் வள்ளுவர் ஆறுதல் பரிசுக்குக்கூடத் தேற மாட்டார்.

வரையறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம நண்பர் ஒருவர் ஆத்திசூடியை ஒரு புத்தகமாகக் கணக்குக் காட்டியது ஊரறிந்த விஷயம். மொத்தம் 109 வரி! அதற்கும் நூலகர் ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருந்தால்தான் அது புத்தகம் என்று யுனெஸ்கோ 1964லேயே சொல்லி வைத்திருக்கிறதாம். அதையே விதியாக்கினார். நண்பர் அழாத குறை. நல்ல விதி அது, இருந்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை நான் என் கட்சிக்காக வாதாடினேன். இனி சொல்வது என் கட்சிக்கு எதிரானது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒரு கட்டத்தில் என் கணக்கு பதினாறு. அந்த வேகத்தில் போனால் முப்பதைத் தொட முடியாது என்று தெரிந்தது. அப்போதுதான் வெர்னியர் வந்தது. அதற்கு முன்னால் ஒல்லிப் புத்தகத்தை எடுத்தது முடிப்பதற்காக. அதற்குப் பிறகு எடுத்தது கணக்குக் காட்டுவதற்காக. ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை ஒரே ராத்திரியில் முடித்தேன். மறுநாள் நோட்டில் எழுதினேன்: புத்தகம் 19, தண்ணீர், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். முடிந்தது. குடத்தோடு அலைந்த அந்தப் பெண்ணின் பெயர்கூட ஒரு வாரத்தில் மறந்து போயிற்று. எங்கள் தெருவிலும் கோடையில் குடத்தோடுதான் நிற்கிறார்கள். என் அம்மாவும் நிற்கிறாள். அந்தக் கதை என்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டாமா? உலுக்க நான் இடம் கொடுக்கவில்லை. இருபதாவது புத்தகம் காத்திருந்தது.

என் வகுப்புத் தோழன் ஒருவன் இமையத்தின் 'பெத்தவன்' எடுத்தான். 2012ல் வந்த நெடுங்கதை, என் பட்டியலில் உள்ள பலவற்றைவிட ஒல்லி. சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்றுவிடு என்று ஊரே கூடி ஒரு அப்பனிடம் சொல்கிறது. அதைப் படித்தவன் ரெண்டு வாரம் வேறு புத்தகம் எடுக்கவில்லை. "எடுக்க முடியலடா" என்றான். கடைசியில் அவன் கணக்கு பதினொன்றோடு நின்றது. பரிசு எனக்கு. இதில் யார் படித்தவன் என்று நீங்களே சொல்லுங்கள். அதே சமயம் ஒன்றைக் கவனியுங்கள், பக்கக் கணக்கு வைத்தாலும் அவன்தான் தோற்பான்.

பரிசுக்கு வந்த புத்தகக் கட்டை வீட்டுக்குக் கொண்டு போன அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சின்ன வயதில் கட்டை அடுக்கினவள், இப்போது பெட்டி அடைக்கிறாள். குரோஸ் கணக்கு, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதனால் முப்பது புத்தகம் என்று சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம். எண்ணிக்கையை மதிக்கிறவள் அல்லவா.

"ஏய்யா, முப்பதும் படிச்சிட்டியா? அதுல நல்லதா ஒரு கதை சொல்லு, கேப்போம்" என்றாள்.

நான் 'தண்ணீர்' என்று ஆரம்பித்தேன். ரெண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. வேறொன்று ஆரம்பித்தேன். அதுவும் அப்படித்தான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பெட்டில குச்சி குறைஞ்சா எங்க ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துருவாக" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். எனக்குப் பின்வரிசைக் குரலைவிட அது உறைத்தது.

மறுநாள் நூலகத்துக்குப் போய், இருபத்தி நாலாவதாகக் கணக்குக் காட்டியிருந்த கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைத் திரும்ப எடுத்து வந்தேன். எடுத்ததற்குக் காரணம் உண்டு. கி.ரா. எங்கள் கரிசல் காட்டுக்காரர், கோவில்பட்டி பக்கத்து இடைசெவல். பள்ளிப் படிப்பையே முடிக்காமல் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2021ல் காலமானார். என் தாத்தா ஆடு மேய்த்தவர், கதையும் ஆட்டுக்கிடையைப் பற்றியது. ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். முதல் தடவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்த கதை அது. இந்தத் தடவை முதல் நாளில் நாலு பக்கம்கூடத் தாண்டவில்லை. காரணம், அம்மா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். கிடை போட்டால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எப்படி உரமாகும், அதற்கு நிலத்துக்காரர் என்ன கொடுப்பார், யார் ஆடு என்று தெரிய ஆட்டுக் காதில் எப்படிக் கத்தரித்து அடையாளம் வைப்பார்கள் எல்லாம் சொன்னாள். ஆடுகள் ஒருவர் காட்டில் புகுந்து மேய்ந்து விடுகிற இடம் வந்ததும், "இனி பஞ்சாயத்துதான்" என்றாள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவள், அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே சொல்கிறாள்! செவனியை விசாரிக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

இதில் இருந்துதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த வருடப் பேரவை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும். முப்பது என்ற எண்ணிக்கை இருக்கட்டும், குறைத்தாலும் சரி. எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் 49 பக்கம் தாண்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசியில் நூலகர் ஐயா அந்தப் பட்டியலில் இருந்து ஒரு புத்தகத்தை, தன் இஷ்டப்படி, தொட்டுக் காட்டட்டும். போட்டியாளர் மேடையேறி ஐந்து நிமிடம் அந்தக் கதையைச் சொல்லட்டும். கேட்கிறவர்கள் நம்ம ஹாஸ்டல் மெஸ் அண்ணன், வாட்ச்மேன் ஐயா, பெருக்குகிற அக்கா இவர்களாக இருக்கட்டும். எனக்கு இந்த விதி இருந்திருந்தால் மூன்றாம் பரிசு கிடைத்திருக்காது என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். பதினொன்று படித்தவன் முதல் பரிசு வாங்கியிருப்பான்.

நூலகர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். 'கிடை' இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, தவணை தேதி தாண்டிவிட்டது. அபராதம் கட்டிவிடுகிறேன் ஐயா. அம்மாவுக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்டும் சேர்ந்து வந்துவிட்டது, இன்னும் பத்துப் பக்கம் பாக்கி.