கார் ஸ்கிரீன் இழுபட்டால் முதலில் போனைத் திட்டாதீங்கோ



இந்தக் கிழமை எபிசோட்டில் கார் ஸ்கிரீன் பற்றிக் கொஞ்ச நேரம்தான் கதைக்க முடிந்தது. சொல்லாமல் விட்டது நிறைய இருக்கு. எனக்குச் சொந்தக்காரரிடமிருந்து வரும் போன்கோல்களில் ஒரு காலத்தில் பிரிண்டர்தான் முதலிடம். இப்ப அந்த இடத்தை வேறொன்று பிடித்துவிட்டது: "தம்பி, போனைக் காரில கொளுவினால் மெப் இழுபடுது. புதுப் போன் வாங்கட்டோ?"

வாங்க வேண்டாம். குறைந்தது இன்றைக்கு வேண்டாம்.

ஆண்ட்ராய்ட் ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ மந்தமாக ஓடினால் ஒரு பகுதி ஆட்கள் போனை மாற்றுகிறார்கள். இன்னொரு பகுதி, கார் விற்ற இடத்தில் கேட்கிற காசைக் கொடுத்துப் புது யூனிட் போடுகிறார்கள். பிழை எங்கே என்று தெரியாமல் செலவழிக்கிற காசு இது. பிழையைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் காணும். உண்மையில் அதைக் காரே சொல்லியிருக்க வேணும். சொல்லாமல் மறைக்கிறது சரியில்லை என்பதுதான் என்னுடைய கருத்து. அதுக்கு முதல், உள்ளே என்ன நடக்குது என்று பார்ப்போம்.

யார் என்ன வேலை செய்கிறார்கள்?

கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்ட் ஆட்டோ 2015-இலும் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் காரில் பார்க்கிற மெப், பாட்டு லிஸ்ட், மெசேஜ் எல்லாவற்றையும் வரைகிறது போன். வரைந்த படத்தை வீடியோவாகச் சுருக்கிக் காருக்கு அனுப்புது. கார் அதை விரித்துக் காட்டுது. நீங்கள் விரலால் தொட்டால், எந்த இடத்தில் தொட்டீங்கள் என்ற செய்தி திரும்பப் போனுக்குப் போகுது. போன் புதுப் படம் வரைந்து மறுபடி அனுப்புது.

அதாவது, உங்கட கார் ஸ்கிரீன் தொடுகிறதை உணரத் தெரிந்த ஒரு டிவி. மூளை உங்கட பொக்கெட்டில் இருக்கு.

இதில் நாலு பேருக்கு வேலை இருக்கு. படம் வரைகிற போன். படத்தைக் கொண்டுபோகிற இணைப்பு, அது கேபிளாகவும் இருக்கலாம், வைஃபையாகவும் இருக்கலாம். படத்தைக் காட்டுகிற கார் யூனிட். கடைசியாக, மெப்பையும் பாட்டையும் இன்டர்நெட்டிலிருந்து கொண்டுவருகிற மொபைல் டேட்டா. நாலில் எது தூங்கினாலும் எங்களுக்குத் தெரிகிறது ஒரே ஒரு விசயம்: "ஸ்கிரீன் ஸ்லோ."

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய யுஎஸ்பி 2.0 கேபிளுக்கே வேக உச்சம் விநாடிக்கு 480 மெகாபிட். இந்த வீடியோவுக்கு அதில் ஒரு சின்னத் துண்டு போதும். அதனால் "வேகமான" கேபிள் என்று விலை கூடினதைத் தேட வேண்டியதில்லை. பிரச்சினை தருகிறது மலிவான, நீளமான, வளைந்து உள்ளே அறுந்த கேபிள்கள்தான். சில கேபிள்களில் சார்ஜ் பண்ணுகிற கம்பி மட்டும் இருக்கும். டேட்டா போகிற கம்பியே இருக்காது.

வயர்லெஸ் என்றால் கதை வேறு. புளூடூத் வழியாகப் போனும் காரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் காணும். அதுக்குப் பிறகு படம் முழுக்க வைஃபையில் போகும், பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸில். புளூடூத் நல்லா இருக்கு, கோல் வடிவாகக் கேட்குது, ஆனால் படம் மட்டும் இழுபடுது என்றால் குழம்ப வேண்டாம். இரண்டும் வேறு வேறு பாதை.

எந்த மாதிரி இழுபடுது?

"ஸ்லோ" என்ற சொல்லை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க ஏலாது. டொக்டரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்கிற மாதிரி. எந்த நேரத்தில், எதைத் தொட்டால், எவ்வளவு நேரம் என்று பாருங்கோ.

மெனு டக் டக் என்று மாறுது, ஆனால் மெப்பில் சாம்பல் பெட்டிகள் வந்து நிற்குது என்றால் அது மொபைல் டேட்டா. காரிலும் பிழை இல்லை, போனிலும் பிழை இல்லை. நீங்கள் ஓடுகிற பகுதியின் மெப்பை வீட்டு வைஃபையில் முதலே இறக்கி வையுங்கோ.

தொட்ட பிறகு எல்லாமே ஒரு விநாடி பிந்தி வருது என்றால் போனில் அல்லது இணைப்பில் தேடுங்கோ.

தொடக்கத்தில் நல்லா இருந்து, இருபது நிமிசம் கழித்து மந்தமானால் சூடு. ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில் பாவிக்கச் சொல்கிறது ஆப்பிள். ஜூலை மாத வெயிலில் டாஷ்போர்டில் வைத்த போன் அதை இலேசாகத் தாண்டிவிடும். அது மெப் ஓட்டுது, வீடியோ சுருக்குது, வைஃபையில் அனுப்புது, வயர்லெஸ் சார்ஜும் ஏறுது. நாலும் சேர்ந்து சூடாக்கும். சூடானால் போன் தன்னைக் காப்பாற்றத் தன் வேகத்தைத் தானே குறைக்கும்.

போனைக் கழற்றின பிறகும் காரின் சொந்த மெனு, ரேடியோ ஸ்கிரீன் எல்லாம் பிந்தி வருது என்றால் குறை கார் யூனிட்டில். அதுக்குப் புதுப் போன் வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

கனடாவில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்று. மைனஸ் 20-இல் காலமை காரை ஸ்டார்ட் பண்ணி முதல் சில நிமிசம் படம் மங்கலாக இழுபட்டால் பயப்பட வேண்டாம். எல்சிடி ஸ்கிரீனுக்குள் இருக்கிற திரவப் படிகமே குளிரில் மெதுவாகத்தான் அசையும். கார் சூடாக அது சரியாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வேலையில் நாங்கள் சேர்வர் பிழை தேடும்போது பின்பற்றுகிற விதி இதுதான். ஐந்து விசயத்தை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் ஏன் சரிவந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பிழை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. காரை நிறுத்தி வைத்துவிட்டு இந்த ஒழுங்கில் செய்யுங்கோ.

1. போனை ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. கார் யூனிட்டையும் பண்ணுங்கோ. சாவியைத் திருப்பி நிற்பாட்டினால் பல யூனிட்டுகள் முழுக்க அணையாது, தூங்கத்தான் செய்யும். பல மொடல்களில் பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். கார் மனுவலில் வழி போட்டிருக்கும்.

2. வயர்லெஸில் ஓடினால் கேபிளுக்கு மாறுங்கோ. ஒரு மீட்டருக்குள் நீளமான, டேட்டா போகிற கேபிள் வேணும். கொளுவுகிற ஓட்டையையும் பாருங்கோ. பல கார்களில் இரண்டு மூன்று யுஎஸ்பி இருந்தாலும் ஒன்றில்தான் டேட்டா போகும். மற்றது சார்ஜுக்கு மட்டும். கேபிளில் நல்லா ஓடினால் குறை வைஃபை பக்கம். நடுவில் ஒரு வயர்லெஸ் அடாப்டர் கொளுவியிருந்தால் முதல் சந்தேகம் அதில்தான்.

3. போனின் சார்ஜ் ஓட்டையை லைட் அடித்துப் பாருங்கோ. ஜீன்ஸ் பொக்கெட் பஞ்சு அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு மரத்துப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கோ. ஊசி, கிளிப் ஒன்றும் வேண்டாம்.

4. பட்டரி சேவரை நிறுத்துங்கோ. விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கோ. வயர்லெஸ் இணைப்பை அது குழப்பக்கூடும். வயர்லெஸ் சார்ஜ் தட்டிலிருந்து போனை எடுத்து ஏசி காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கோ.

5. வேறொருத்தரின் போனைக் கொளுவுங்கோ. எனக்குப் பிடித்த சோதனை இதுதான். இரண்டு போனிலும் ஒரே மாதிரி இழுபட்டால் கார் பக்கம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் போன் பக்கம்.

6. இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழித்து, புதிதாகச் சேருங்கோ. கார் யூனிட்டுக்கு மென்பொருள் அப்டேட் இருக்கோ என்று பாருங்கோ.

சித்தப்பா ஒருத்தர் டொராண்டோவில் வாடகைக் கார் ஓடுகிறார். ஒரு நாளில் பத்து மணித்தியாலம் மெப்பை நம்பித்தான் பிழைப்பு. ஸ்கிரீன் இழுபடத் தொடங்க, கார் வாங்கின இடத்தில் கேட்டார். யூனிட்டை மாற்ற 1,800 டொலர் என்று சொன்னார்கள். போனைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் இந்த ஒழுங்கில் போனோம். இரண்டாவது படியிலேயே பாதி சரி, நாலாவது படியில் முழுக்கச் சரி. மூன்று மீட்டர் கேபிளும், சார்ஜ் தட்டின் சூடும். செலவு பதினைந்து டொலர்.

இது வெறும் எரிச்சல் இல்லை

ஸ்கிரீன் உறைந்து நிற்கும்போது சாரதி என்ன செய்வார்? 401-இல் நூறில் போய்க்கொண்டிருக்கிறார். அடுத்த எக்ஸிட் தெரியவில்லை. கை தானாகப் போனுக்குப் போகும். ஒன்ராறியோவில் போனைக் கையில் பிடித்தபடி ஓட்டினது முதல் தடவை நிரூபிக்கப்பட்டால் 1,000 டொலர் வரை தண்டம், மூன்று டிமெரிட் புள்ளி, மூன்று நாள் லைசென்ஸ் இடைநிறுத்தம். உங்களிடம் இருக்கிறது ஜி1 அல்லது ஜி2 என்றால் 30 நாள் இடைநிறுத்தம். தண்டத்தை விடப் பெரிய இழப்பு என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

கார்க் கொம்பனிகளுக்கும் இது தெரியும். ஜெனரல் மோட்டர்ஸ் தன்னுடைய புது மின்சாரக் கார்களில் கார்பிளேயையும் ஆண்ட்ராய்ட் ஆட்டோவையும் எடுத்துவிடப் போவதாக 2023-இல் அறிவித்தது. போன் இணைப்பு சரியாக ஓடாவிட்டால் சாரதிகள் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள் என்பது அப்போது அந்தப் பக்கமிருந்து வந்த வாதங்களில் ஒன்று. பிரச்சினையை அவர்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். மருந்துதான் பிழை.

ஏன் என்று சொல்கிறேன். எங்கட குடும்பங்களில் ஒரு காரைப் பத்து, பன்னிரண்டு வருசம் ஓடுவோம். போனை மூன்று நாலு வருசத்தில் மாற்றுவோம். மூளை போனில் இருந்தால், பழைய கொரோலாவுக்கும் புது மூளை கிடைக்கும். மூளையைக் காருக்குள் பூட்டினால், 2025-இன் சிப் 2035-இலும் அதே சிப்தான். அதை மாற்ற வேணும் என்றால் அவர்கள் சொல்கிற இடம், அவர்கள் சொல்கிற விலை.

"எல்லாம் ஒரே கொம்பனியின் கையில் இருந்தால் பிழை குறையும்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். முதல் சில வருசம் குறையும். அதை ஒத்துக்கொள்கிறேன். அப்டேட் நின்றுபோன பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

நான் கேட்கிறது சின்ன விசயம். கார் செட்டிங்ஸில் "இணைப்பு நிலை" என்று ஒரு பக்கம். கேபிளில் பிழை வருதா, வைஃபை சிக்னல் எவ்வளவு, படம் எவ்வளவு பிந்தி வருது, போன் சூடு என்று சொல்லுதா. நாலு வரி. இந்தக் கணக்கெல்லாம் போனுக்கும் கார் யூனிட்டுக்கும் உள்ளுக்குள் எடுக்க முடிகிறவைதான். எங்களுக்குக் காட்டினால், 1,800 டொலர் யூனிட்டை விற்கிறது கொஞ்சம் கஷ்டமாகப் போகும், அவ்வளவுதான்.

கனடாவில் 2024 நவம்பரில் சட்டமான சி-244, பழுது பார்க்கவும் பிழை தேடவும் டிஜிட்டல் பூட்டுகளைத் தாண்டுகிறதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதிக்குது. நல்ல தொடக்கம். ஆனால் பூட்டை உடைக்கலாம் என்கிறதும் கதவைத் திறந்து விடுகிறதும் ஒன்றல்ல. அடுத்த கார் வாங்கப் போகும்போது விற்பனையாளரிடம் கேளுங்கோ: கேபிளில் ஓடுமா, அப்டேட் எத்தனை வருசம் வரும், யூனிட் பழுதானால் வெளியில் திருத்தலாமா? பதில் தெரியாமல் முழித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

உங்களிடம் ஒரு வேலை

நீங்கள்தான் உங்கட வீட்டு ஐடி டிப்பார்ட்மென்ட். எனக்குத் தெரியும். இந்த வார இறுதியில் அம்மாவின் காரிலோ அப்பாவின் காரிலோ ஏறி இருந்து, மேலே சொன்ன ஆறு படியையும் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கோ. போனை வாங்கித் தட்டிவிட்டு "சரி, ஓகே" என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம். மூளை போனில், படம் காரில், நடுவில் கேபிள் என்று தமிழில் சொல்லுங்கோ. இவ்வளவும் விளங்கினால் அடுத்த முறை அவர்களை யாரும் இலேசில் ஏமாற்ற ஏலாது.

ஒரு நல்ல சின்னக் கேபிள் வாங்கிக் காரிலேயே விட்டுவிடுங்கோ. வீட்டுக்குள் கொண்டுபோனால் அது திரும்பி வராது.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம். கவனமாக ஓட்டுங்கோ.