சாவி தொலைந்தால் கல்லா திறக்கும்!

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் டிரைவர் ஒருவர் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கார் அவருடையது, கடனும் அவருடையது. மாதத் தவணை யாருக்காகவும் காத்திராது. பழைய அம்பாஸடராக இருந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அரத்தோடு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரைக் கூட்டிவந்து காரியத்தை முடித்துவிடுவார். இன்றைய காரிலே அது நடக்காது. அச்சு அசலாக வெட்டிய சாவி பூட்டுக்குள் திரும்பும். எஞ்சின் மட்டும் ஓடாது.

காரணம் என்ன? சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. அதற்குப் பாட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் ரேடியோ அலையால் அதற்கு உயிர் கொடுக்கிறது. சிப் தன் ரகசிய அடையாளத்தைச் சொல்ல, காரின் கம்ப்யூட்டர் அதைச் சரிபார்த்த பிறகுதான் எஞ்சினுக்கு அனுமதி. கதவு திறக்கும் ரிமோட் வேறு, பாட்டரி அதற்குத்தான். ஆகவே புதுச் சாவி என்றால் இரும்பை வெட்டினால் மட்டும் போதாது. சிப்பையும் ரிமோட்டையும் கம்ப்யூட்டரிலே பதியவேண்டும். டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள சாக்கெட்டில் கருவியை மாட்டி, ரகசிய எண்ணைத் தட்டினால், பல கார்களில் இது சில நிமிஷ வேலை. தொலைந்த சாவியைப் பதிவிலிருந்து நீக்கியும் விடலாம். பிறகு அதைக் கண்டெடுத்தவன் எஞ்சினைக் கிளப்ப முடியாது.

நல்ல விஞ்ஞானம்! அதன் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கருவியும் அந்த எண்ணும் யார் கையில்? கம்பெனியின் கையில்! காருக்கு முழுப் பணமும் கொடுத்தவன், சொந்தக் காரை ஓட்ட ஷோரூம் வாசலில் கைகட்டி நிற்கிறான். சாவி வரும்வரை நாள் கூலி போகிறது. தெருவோர சாவிக்காரரின் பிழைப்பும் போகிறது. அவருக்கு அறிவில்லை என்பதனாலா? இல்லை, அறிவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் திருட்டைத் தடுக்கவே" என்கிறார்கள் கார் முதலாளிகள். அப்படியா? ஐரோப்பாவில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களில் இந்தத் தடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. ஹூண்டாயும் கியாவும் என்ன செய்தன? கனடாவில் பொருத்திய தடுப்பை அமெரிக்காவில் விற்ற பல மாடல்களில் பொருத்தவில்லை. விளைவு, 2021க்குப் பிறகு பையன்கள் ஒரு யூஎஸ்பி ஒயரின் முனையைக் கொண்டே அந்தக் கார்களைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். காசு மிச்சமாகும் இடத்தில் திருட்டைப்பற்றிக் கவலை இல்லை. காசு வரும் இடத்தில் மட்டும் கவலை பொங்குகிறது!

இன்னொன்றும் கேளுங்கள். பல கம்பெனிகளின் கார்களில் இருந்த ஒரு சிப்பின் பலவீனத்தைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். 2013ல் ஃபோல்க்ஸ்வாகன் கம்பெனி இங்கிலாந்து ஹைகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கி அவர்கள் வாயை அடைத்தது. ஆராய்ச்சி வெளிவந்தது 2015ல். ஓட்டை இருப்பதல்ல, ஊருக்குத் தெரிவதுதான் ஆபத்தாம்!

உரிமையாளன் கையில் கொடுத்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா? போர்டு கம்பெனியின் பல பழைய அமெரிக்கக் கார்களில், பதிவான இரண்டு சாவி கையிலிருந்தால் மூன்றாவதை உரிமையாளனே பதியலாம். கவிழ்ந்ததாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலேயே, 2014 ஆகஸ்டில், இந்தியப் போட்டிக் கமிஷன் 14 கார் கம்பெனிகள் மீது ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் தனி மெக்கானிக்குகளின் கழுத்தை நெரித்தார்கள் என்பதே குற்றம். கம்பெனிகள் அபராதத்தைக் கட்டவா ஓடின? அப்பீலுக்கு ஓடின! அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 2012ல் பழுதுபார்க்கும் உரிமையை மக்களின் வாக்குக்கு விட்டபோது, 100க்கு 85 பேருக்கு மேல் ஆதரித்தனர். 2020லும் மக்கள் வாக்களித்து அந்த உரிமையை விரிவாக்கினார்கள். உடனே கார் முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று.

"எனக்கேது கார்?" என்று வயலில் நிற்கும் தோழர் கேட்கலாம். டிராக்டரைப் பாருங்கள். ஜான் டியர் கம்பெனி பழுதுபார்க்கும் முழு சாப்ட்வேரையும் தன் டீலர்களுக்கே ஒதுக்கி விவசாயிகளைச் சுரண்டுகிறது என்று 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷனே வழக்குத் தொடுத்தது. வாடகை டிராக்டர் நின்றால் உழவும் நிற்கும். உழவு நின்றால் உங்கள் கூலியும் நிற்கும்.

கார் விற்கும்போதே அதன் ரகசிய எண்ணை எழுதி உரிமையாளனிடம் கொடு! கருவியை நியாய விலைக்கு எந்த மெக்கானிக்குக்கும் விற்பனை செய்! புதுச் சாவிக்கும் பதிவுக்கும் ஆகும் கட்டணத்தை ஷோரூம் சுவரில் எழுதிப் போடு! இதற்குச் சட்டம் வேண்டும். டிரைவர் சங்கங்களும் ஒர்க்ஷாப் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்கவேண்டும். அதுவரை கார் ஓட்டும் தோழர்கள் இரண்டாவது சாவியை வண்டியிலே போட்டுவைக்காமல் வீட்டிலே பத்திரப்படுத்துங்கள். ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்றைப் பதிவதற்கும், எல்லாச் சாவியும் போனபின் பதிவதற்கும் கம்பெனி போடும் பில்லில் பெரிய வித்தியாசம் உண்டு.