போதை தெளியட்டும் என்று அனுப்பாதீர்கள்

“நெதானத்துல இருந்தா இப்படிச் செய்யற மனுசன் இல்லீங்க மேடம்.” திருப்பூரில் வக்கீலாக இருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வரும் போன்களில் இந்தப் பேச்சு பழகிப்போனது. பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். அன்று இரவு அடி, மறுநாள் இந்தச் சமாதானம். மாமியார் சொல்கிறார், மச்சான் சொல்கிறார், பல நேரம் அடிவாங்கியவளே சொல்கிறாள்.

சட்டம் இதை ஏற்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86-ஆக இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24. ஒருவருக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, தான் செய்வது இன்னதென்றே உணராத நிலையில் அவர் ஒன்றைச் செய்தால் அது குற்றமாகாது. தானே குடித்தவருக்கு அந்த விலக்கு கிடையாது. நிதானத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கக் கூடியதெல்லாம் அவருக்கும் தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

மிச்சமிருப்பது, அவருக்கு அதைச் செய்யும் நோக்கம் இருந்ததா என்ற கேள்வி. ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் பாஸ்தேவ், ஒரு கல்யாணப் பந்தியில் நகர்ந்து உட்காரச் சொல்லியும் கேட்காத சிறுவனை வயிற்றில் சுட்டுக் கொன்றார். நிறையக் குடித்திருந்தார். ஆனாலும் துணையில்லாமல் நடந்தார், பேசினார், சுட்டபின் தப்பவும் பார்த்தார். அதையெல்லாம் எடைபோட்டுத்தான் 1956-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கொலை என்றே உறுதிசெய்தது. பின்னர் வந்த காலுராம் வழக்கில் அதே நீதிமன்றம், மனைவிக்குத் தீ வைத்த கணவர் உடனே தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்த்ததைக் கணக்கில் எடுத்து, கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைத்தது. இரண்டிலும் தீர்ப்பைத் தீர்மானித்தது அந்த நேரத்தில் அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதே.

அந்த விவரம்தான் நம் புகார்களில் இருப்பதில்லை. சமீபத்தில் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் வந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, “போதை தெளியட்டும்மா, பேசி விடலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். லைன் வீடு, இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கணவர் வந்ததும் கதவைத் தாழ் போட்டிருக்கிறார். டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். அப்புறம்தான் கட்டையை எடுத்திருக்கிறார். அடித்து முடித்து, அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த சம்பளக் கவரைத் தேடி எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பியிருக்கிறார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று யோசித்த மனிதரைத்தான் நிதானம் இழந்தவர் என்கிறோம். புகாரில் இருந்ததோ ‘குடிபோதையில் தாக்கினார்’ என்ற இரண்டே சொல். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், 7 ஆண்டு வரை சிறை உண்டு.

“அரசே கடை திறந்து விற்கிறது, குடித்தவனை மட்டும் தண்டிப்பதா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். 2017-ல் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராக மறியல் செய்து போலீஸ் அடி வாங்கியவர்களும் பெண்கள்தான். அரசைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். அதற்காகக் கட்டையை எடுத்த கையை விட்டுவிட முடியாது.

குடிகாரர் சண்டைதானே என்று போலீஸும் இனி நினைக்கலாகாது. 2025 ஆகஸ்டில் நம் மாவட்டத்துக் குடிமங்கலம் அருகே, குடித்துவிட்டுத் தகராறு செய்த தந்தையையும் மகன்களையும் விலக்கப் போன சிறப்பு உதவி ஆய்வாளரே வெட்டிக் கொல்லப்பட்டார்.

நான் கேட்பது புதிய சட்டமல்ல. புகார் எழுதும்போதே அவர் எப்படி வந்தார், என்ன பேசினார், எதைப் பூட்டினார், எதை எடுத்துப் போனார் என்று வரிசையாக எழுதுங்கள். கைது செய்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பி ரத்தம் எடுங்கள். அதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-வது பிரிவு இடம் தருகிறது. உண்மையிலேயே நினைவு தப்பியிருந்தால் அந்தப் பரிசோதனை அவருக்கே உதவும். குடிநோய்க்குச் சிகிச்சை அவசியம். ஆனால் அது வழக்குக்குப் பதிலாகாது. அவர் எந்த அளவு போதையில் இருந்தார் என்பதை நீதிபதி முடிவு செய்யட்டும். மச்சானும் மாமியாரும் ஸ்டேஷன் ரைட்டரும் அதை முடிவு செய்ய வேண்டாம்.