மொட்டை மாடித் தொட்டியும் பத்து வருஷமும்

எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே ஒரு கஞ்சாச் செடி. வைத்தது எதிர்வீட்டுத் தமிழ்ப் பையன், காலேஜ் இரண்டாம் வருஷம்.

"அங்கிள், நம்ம கும்பகோணம் வெக்கை இங்க இல்லை, மைசூரு குளிருக்கு நல்லா வரும். ஹிமாச்சல்ல ரோட்டோரம் களையா முளைக்குது. உத்தராகண்ட்ல லைசென்ஸே குடுக்கறாங்க!"

பாதி உண்மை. 2018-இல் உத்தராகண்ட் லைசென்ஸ் கொடுத்தது நாருக்காக வளர்க்கும், போதைச் சத்து 0.3 சதவீதம் தாண்டாத ரகத்துக்கு. தம்பியின் தொட்டிக்கு இல்லை.

நான் பி.காம், கணக்கு ஒத்துவரணும். 1985 போதைப்பொருள் சட்டம், 20-வது பிரிவு. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அதிகபட்சம் 1 வருஷம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே ஒரு செடி வளர்த்தால்? 10 வருஷம் வரை கடுங்காவல், கூடவே 1 லட்சம் வரை அபராதம். பொட்டலத்துக்கு ஸ்லாப் உண்டு, செடிக்குக் கிடையாது. மலையில் தோட்டம் போட்டவனும் மாடியில் தொட்டி வைத்தவனும் ஒரே பிரிவில். வியாபாரியிடம் வாங்கினால் ஒன்று, வாங்காமல் வளர்த்தால் பத்து! இது யாருக்கு லாபம், சொல்லுங்கள்?

சட்டம் மாறத்தான் வேண்டும். ஆனால் அது மாறும்வரை மாட்டப்போவது நம்ம பிள்ளைகள். ஊரில் என்றால் ஓடி வர சித்தப்பா, மாமா இருக்கிறார்கள். இங்கே யார்?

அவன் அப்பாவோ, "வயசு சார், விடுங்க" என்கிறார். எனக்கு சட்டத்தின் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் கோபம் வந்தது. அன்றே பையனைக் கூப்பிட்டு, அவன் கையாலேயே பிடுங்க வைத்தேன்.

நீங்களும் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள்.